கதவருகே திரும்பியவர்

அன்புள்ள ஐயா,

எட்டு மாதங்களுக்கு முன் அப்பா இறந்ததிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை. நான்கு மாதங்களாக வாரம் ஒருமுறை ஓர் உளவியல் ஆலோசகரிடம் போகிறேன். அவர் ஒரு வழியும் சொல்வதில்லை. நான் சொன்னதையே திருப்பிச் சொல்கிறார். சென்ற வாரம், "அண்ணன்மேல் உங்களுக்குக் கோபம் இருப்பதுபோல் தெரிகிறது" என்றார். "கோபம் இல்லை, பயம்" என்றேன். அதற்கும் தலையாட்டினார். இதற்கு எதற்குப் பணம்? அம்மா கோயிலுக்குப் போகச் சொல்கிறார். அண்ணனிடம் வீட்டில் என் பங்கைக் கேட்கலாமா, விட்டுவிடலாமா என்று நீங்களாவது சொல்லுங்கள்.

ம., கோவை

அன்புள்ள ம.,

கோயிலுக்கும் போங்கள், அது வேறு இது வேறு. தூக்கம் இன்னும் வரவில்லையென்றால் மருத்துவரையும் பாருங்கள். வீட்டுப் பங்கைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லப்போவதில்லை. ஆலோசகரிடம் கிடைக்காததை என்னிடம் வாங்கிக்கொண்டு போகப் பார்க்கிறீர்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

"கோபம் இல்லை, பயம்." போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். வீட்டில் அறிவுரை சொன்னவர்களில் ஒருவரிடமாவது இதைச் சொல்லியிருக்கிறீர்களா? ஆலோசகர் தாம் புரிந்துகொண்டதை உங்கள் முன் வைத்தார். அது தவறு. நீங்கள் திருத்தினீர்கள். அவர் தலையாட்டியது ஒப்புக்கு அல்ல. தம் கருத்தைக் கைவிட்டு உங்கள் சொல்லை ஏற்றுக்கொண்டார். அப்பா போனபின் உங்கள் சொல்லை அப்படி ஏற்றுக்கொண்டவர் வேறு யார்? இதற்கு எதற்குப் பணம் என்று கேட்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

ஆலோசகர் என்ற பெயரே நம்மை ஏமாற்றுகிறது. ஆலோசனை கேட்கத்தான் போகிறோம். வழி சொல்லாமல் கேட்டுக்கொள்ளும் இந்த முறையை உருவாக்கிய அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸும் முதலில் வழி சொல்பவராகத்தான் இருந்தார். நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில், 1928 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் குழந்தைகளுக்கான அமைப்பொன்றில் வேலை பார்த்தார். அங்கே ஒரு முரட்டுப் பையனின் தாய் வந்தார். சிறுவயதில் அவனை அவர் ஒதுக்கியதே காரணம் என்று முடிவுகட்டிய ரோஜர்ஸ், அதைப் பல சந்திப்புகளில் பக்குவமாக உணர்த்தப் பார்த்தார். நடக்கவில்லை. நிறுத்திக்கொள்வோம் என்றார். தாயும் சம்மதித்து எழுந்தார். கதவுவரை போனவர் திரும்பி, பெரியவர்களுக்கும் இங்கே ஆலோசனை உண்டா என்று கேட்டார். உண்டு என்றதும் மறுபடி வந்து உட்கார்ந்து, கணவரோடு தாம் படும் துயரத்தையெல்லாம் கொட்டினார். அதுவரை சொன்ன பிள்ளைக் கதையில் இதில் எதுவும் இல்லை. பிறகு தாய்க்கும் நல்லது நடந்தது, மகனுக்கும் நடந்தது. எங்கே வலிக்கிறது என்பது வந்தவருக்குத்தான் தெரியும் என்று ரோஜர்ஸ் கற்றுக்கொண்ட இடங்களில் அது ஒன்று. திருப்பிச் சொல்வதை ஓர் உத்தியாகப் பிறர் கற்பித்தபோது அவர் கூசிப்போனார். தாம் புரிந்துகொண்டது சரிதானா என்று வந்தவரிடமே சரிபார்ப்பதுதான் அவருடைய நோக்கம்.

எனக்கும் ஒரு கதவு நினைவிருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு நண்பர் ஒருவர் வந்தார். "வேலைக்குப் போகவே பிடிக்கவில்லை" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் ஒரு மணி நேரம் பதில் சொன்னேன். கடன், பிள்ளைகளின் படிப்பு, ஓய்வூதியம். அவருடைய காபியில் ஆடை படிந்துவிட்டது. "நீங்கள் சொல்வது சரிதான்" என்று எழுந்தவர், வாசலில் குனிந்து செருப்பு வாரை வெகுநேரம் மாட்டிக்கொண்டிருந்தார். நான் அப்போதும் பேசிக்கொண்டிருந்தேன். ஏன் பிடிக்கவில்லை என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. இப்போதும் சந்திக்கிறோம். மழையைப் பற்றியும் மூட்டுவலியைப் பற்றியும் பேசுகிறோம்.

அடுத்த வாரம் போகும்போது, "நீங்கள் வழி சொல்லாதது எனக்கு எரிச்சலாக இருக்கிறது" என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். அதையும் கேட்டுக்கொள்வார். அந்தப் பயம் எதைப் பற்றியது என்று எனக்கு எழுத வேண்டாம் அம்மா. அவரிடம் சொல்லுங்கள்.