சிறுவயதில் ரசித்த 'அல்ட்ராமேன்' தொடரை இப்போது மறுபடி பார்த்தால் பிடிக்குமா?

பிடிக்கும். எனக்கு முன்பைவிட அதிகமாகவே பிடித்தது, ஆனால் வேறு காரணத்துக்காக.

விண்வெளியிலிருந்து வந்த அல்ட்ராமேன் என்ற ராட்சத வீரர் பூமியைத் தாக்கும் அரக்கர்களோடு சண்டை போடும் கதை; 1966 ஜூலை முதல் 1967 ஏப்ரல் வரை ஜப்பானில் ஓடிய தொடர், மொத்தம் 39 பகுதிகள். சின்ன வயதில் கடைசிச் சண்டைக்காகத்தான் காத்துக் கிடப்போம். அல்ட்ராமேனாக மாறக்கூடிய ஹயாட்டா கையை உயர்த்துவார், அல்ட்ராமேன் வருவார், பூமியில் அவர் தாக்குப்பிடிக்கும் 3 நிமிடம் முடிய நெருங்கும்போது மார்பு விளக்கு சிவப்பாக மினுக்கும். இன்றைக்கு ரப்பர் உடையின் மடிப்புகூடத் தெரிகிறது. அது எனக்கு உறுத்தவே இல்லை.

இந்த முறை என்னைப் பிடித்துக்கொண்டவர் இடே. அரக்கர்களை எதிர்க்கும் அறிவியல் காவல் படையில் ஹயாட்டாவின் சகா, ஆயுதங்களைக் கண்டுபிடிப்பவர், சிரிப்பு மூட்டுபவர். 23ஆம் பகுதியைப் பாருங்கள், அகியோ ஜிஸ்ஸோஜி இயக்கியது. அதில் வரும் ஜமிலா என்ற அரக்கன் உண்மையில் ஒரு விண்வெளி வீரன். தண்ணீரே இல்லாத கோளில் சிக்கி உருமாறிப்போனவன். அனுப்பிய நாடு விஷயத்தை மூடி மறைத்துவிட்டது. இது தெரிந்ததும் இடே துப்பாக்கியைக் கீழே போட்டுவிடுகிறார். நாளைக்கு நமக்கும் இதே கதிதானே என்கிறார். அல்ட்ராமேன் தண்ணீரைப் பாய்ச்சித்தான் ஜமிலாவைக் கொல்கிறார். பல நாட்டுக் கொடிகள் கிடக்கும் சேற்றில் அவன் புரளும்போது எழும் குரல் கைக்குழந்தையின் அழுகை மாதிரியே இருக்கும். அப்புறம் அவனுக்கு அழகான வாசகத்தோடு ஒரு நினைவுக்கல் வைக்கிறார்கள். வாசகம் மட்டும்தான் அழகு என்று இடே கசந்துகொள்கிறார். குழந்தைகளுக்கான தொடரில் இதை எழுத எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

37ஆம் பகுதி இதற்கும் ஒரு படி மேல். அல்ட்ராமேன் இருக்கும்போது நாம் எதற்கு என்று இடே சோர்ந்துவிடுகிறார். சுட வேண்டிய நேரத்தில் அல்ட்ராமேனைக் கூப்பிட்டுக்கொண்டே நிற்கிறார். அவரைக் காப்பாற்றக் குறுக்கே ஓடி வந்த பிக்மோன் என்ற சாதுவான குட்டி அரக்கன் செத்துப்போகிறது. ஹயாட்டா அவரை ஓங்கி அறைகிறார். கடைசியில் அல்ட்ராமேன் அரக்கனைப் பிடித்துக்கொள்ள, சுடுவது இடேதான்.

இந்த 37ஆம் பகுதியை எழுதிய டெட்சுவோ கின்ஜோ ஒக்கினாவாக்காரர். அன்றைக்கு அந்தத் தீவு அமெரிக்க நிர்வாகத்தில்தான் இருந்தது. பலசாலி ஒருவன் காவலுக்கு நின்றால் நம் வேலை என்ன என்ற கேள்வி அவருக்கு அங்கிருந்துகூட வந்திருக்கலாம். இது என் ஊகம்தான்.

39ஆம் பகுதியில் அல்ட்ராமேனே தோற்று விழுகிறார். அவரை வீழ்த்திய ஸெட்டன் என்ற அரக்கனை மனிதர்கள் செய்த ஆயுதம்தான் அழிக்கிறது. சிறுவனாக எனக்கு அது ஏமாற்றமாக இருந்தது. இப்போது பார்த்தால், தொடர் முழுக்க வந்து சேர வேண்டிய இடமே அதுதான். நேரம் இல்லையென்றால் 23, 37, 39 மூன்றையும் இதே வரிசையில் பாருங்கள். முக்கியமாக 37ஐப் பார்க்காமல் 39க்குப் போய்விடாதீர்கள்.