மண்தட்டில் எழுதிய பெயர்: கியோட்டோ செட்சுபுன் பற்றிக் கேட்டவையும் என் பதில்களும்

கியோட்டோவில் குடியிருப்பதால் ஜனவரி பிறந்ததுமே இந்தக் கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். இந்த முறை எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அக்கா, பிப்ரவரி முதல் வாரம் ஆபீஸ் வேலையா ஒசாகா வர்றேன். கெட்டதை விரட்டுற விழா ஒண்ணு இருக்காமே, எந்தத் தேதி? எந்தக் கோயிலுக்குப் போகலாம்?

அதன் பெயர் செட்சுபுன். பருவம் பிரியும் நாள் என்று பொருள். பழைய கணக்குப்படி வசந்தம் பிறப்பதற்கு முந்தின நாள். பருவம் மாறுகிற அந்த இடுக்கில் தீயது வீட்டுக்குள் நுழைந்துவிடும் என்பது நம்பிக்கை. அதனால்தான் வறுத்த சோயாவை வீசி 'ஓனி' என்கிற கொம்பு முளைத்த பூதத்தை விரட்டுகிறார்கள். பெரும்பாலும் பிப்ரவரி 3. சூரியன் கணக்கில் வருவதால் சில ஆண்டுகளில் ஒரு நாள் தள்ளும். 2021-இல் பிப்ரவரி 2-ஆம் தேதி வந்தது, 124 ஆண்டுகளுக்குப் பிறகு. 2025-லும் அப்படியே. 2026-இல் 3-ஆம் தேதி.

ஒரே ஒரு கோயில்தான் முடியும் என்றால் மிபு-தேரா போங்கள். 991-இல் தோன்றிய கோயில், மூலவர் ஜிசோ போதிசத்துவர். ஒசாகாவிலிருந்து ஹாங்க்யூ ரயிலில் வந்து ஓமியாவில் இறங்கினால் பத்து நிமிட நடை. அதிவேக ரயில் ஓமியாவில் நிற்காது, கட்சுராவில் மாறிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு 42 நடக்குது. கூட வேலை பார்க்கிற ஜப்பான்காரர் "இது ஆகாத வயசு, கோயிலுக்குப் போய்ட்டு வாங்க"ன்னார். பயப்படணுமா?

பயப்பட ஒன்றுமில்லை. அக்கறையால் சொல்லியிருக்கிறார். 'யாகுதோஷி' என்று சில வயதுகளைக் கண்டம் உள்ளவையாகக் கருதுவார்கள். ஆண்களுக்கு 25, 42, 61. பெண்களுக்கு 19, 33, 37. இதில் ஆணின் 42-உம் பெண்ணின் 33-உம் பெருங்கண்டம். அதற்கு முந்தின ஆண்டும் பிந்தின ஆண்டும்கூட சேர்த்தி. 42-ஐ 'ஷி-நி' என்று படித்தால் சாவு என்று ஒலிக்கும், 33-ஐ 'சன்-ஜன்' என்று படித்தால் படாத பாடு என்று ஒலிக்கும். நம் வீட்டில் ஏழரைச் சனி என்றதும் ஒரு பேச்சு ஓடுமே, அப்படித்தான்.

நீங்கள் 'நடக்குது' என்று சொன்னதே நல்லதாயிற்று, அவர்கள் கணக்கும் ஏறக்குறைய நடப்பு வயதுதான். பிறந்ததுமே ஒன்று, பிறகு ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஒன்று. அதன்படி 2026-இல் 42 என்றால் 1985-இல் பிறந்தவர்கள். உங்கள் பிறந்த ஆண்டை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மிபு-தேராவில் மண்தட்டு எழுதிக் கொடுக்கிறதாப் படிச்சேன். ஜப்பானிய மொழி தெரியாது. வெளியூர்க்காரங்க எழுதலாமா? ஊரில் இருக்கிற அம்மாவுக்காகவும் எழுதலாமா?

தாராளமாக எழுதலாம். எல்லாரும் குடும்பத்துக்கே சேர்த்துத்தான் எழுதுகிறார்கள்.

தட்டின் பெயர் ஹோராக்கு. மெருகு பூசாத வெறும் சுட்ட மண், நம்ம ஊர் அகலை அகலமாகத் தட்டிப் பரப்பியதுபோல இருக்கும். கடையில் வாங்கினால் மேஜையில் தூரிகையும் மையும் இருக்கும். மண் மையை உடனே குடித்துவிடும், தூரிகை இழுபடும். அதனால் மெதுவாக, பெரிய எழுத்தாக எழுதுங்கள். பெயர், வயது, ஆணா பெண்ணா, என்ன வேண்டுதல், இவ்வளவுதான். 

எனக்கு 33 நடந்த ஆண்டில் ஊரில் அப்பா படுக்கையில் இருந்தார், உடனே கிளம்பிப் போக முடியாத நிலை. என் பெயருக்குக் கீழே அவர் பெயரையும் வயதையும் தமிழிலேயே எழுதினேன். வாங்கிக்கொண்ட அம்மையார் எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இரண்டு கையாலும் ஏந்திக் கொண்டுபோய் அடுக்கில் வைத்தார். அதனால்தான் வருகிற எல்லாரிடமும் சொல்கிறேன்: படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள், ஒரு தட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: அங்கே நாடகமும் உண்டாமே, மொழி புரியாம பார்க்க முடியுமா?

மொழியே கிடையாது! மிபு கியோகென் முகமூடி போட்டு ஆடும் ஊமைக்கூத்து. 1300-இல் எங்காக்கு என்ற துறவி தொடங்கினார். பெருங்கூட்டத்துக்குக் குரல் எட்டாது, அதனால் அபிநயத்தாலேயே தர்மத்தைச் சொன்னார் என்பார்கள். மணியும் மத்தளமும் ஒரே தாளத்தில் ஒலிக்கும். செட்சுபுன் நாளில் ஆடுவது 'செட்சுபுன்' என்கிற கதையே: வேடமிட்டு வரும் ஓனி ஒரு விதவைக்குப் பட்டாடை தந்து மயக்கப் பார்க்கிறது. அவள் சாராயம் ஊற்றிப் படுக்க வைத்து, அதன் மந்திரச் சுத்தியலைப் பறித்துக்கொள்கிறாள். விழித்துச் சீறுகிற ஓனியை சோயா வீசித் துரத்துகிறாள். மதியம் தொடங்கி இரவுவரை மணிக்கொரு முறை நடக்கும், கட்டணம் இல்லை.

கேள்வி: குழந்தைக்கு மூணு வயசு. ஓனியைப் பார்த்துப் பயப்படுவாளா?

ரோசான்-ஜி கோயிலில் பயப்படக்கூடும். கியோட்டோவிலேயே இருக்கிற அந்தக் கோயிலில் செட்சுபுன் அன்று பிற்பகல் மூன்று ஓனிகள் தீப்பந்தமும் வாளும் கோடரியும் சுத்தியலுமாகக் காலைத் தூக்கித் தூக்கி ஆடி வரும். உள்ளே நடக்கும் கோமாவைக் கெடுப்பது அவற்றின் நோக்கம். கோமா என்பது நம் ஹோமமேதான், சொல்லும் சடங்கும் பௌத்தத்தோடு இங்கே வந்தவை. கடைசியில் மூன்றும் தள்ளாடிக்கொண்டு ஓடும். சிவப்பு பேராசை, நீலம் கோபம், கறுப்பு அறியாமை. காமம், வெகுளி, மயக்கம் என்று படித்து வளர்ந்த நமக்கு விளக்கமே வேண்டாம். முதல் முறை பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

கூட்டம் நெருக்கும், பாப்பாவோடு ஓரமாகவே நில்லுங்கள். அதைவிட முக்கியம், வறுத்த சோயாவை அவள் வாயில் போடவே கூடாது. மூச்சுக்குழாயில் சிக்கிவிடும். ஐந்து வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகளுக்குக் கொடுக்கவேண்டாம் என்று ஜப்பானிய நுகர்வோர் துறையே எச்சரிக்கிறது. பெரியவர்கள் வயதுக்கு ஒன்றாக எண்ணிச் சாப்பிடுவார்கள், ஒன்று கூடுதலாகச் சாப்பிடும் வழக்கமும் உண்டு.

கேள்வி: "ஓனி வா சோதோ, ஃபுகு வா உச்சி"ன்னு கத்தணும்னு பழகிட்டேன். நரிதா கோயிலில் பாதியை விட்டுட்டாங்களே?

'பூதம் வெளியே, நல்லது உள்ளே' என்பது பொருள். நரிதா கோயில், அதாவது டோக்கியோ பக்கத்து நரிதாசானின் மூலவர் ஃபுடோ மியோ-ஓ, சமஸ்கிருதத்தில் அசலர். அவர் கருணையில் ஓனியும் திருந்திவிடும், ஆகவே வெளியே துரத்துவதில்லை. நல்லதை மட்டும் அழைப்பார்கள்.

கேள்வி: நாங்க சைவம். எஹோமாகி சாப்பிடலாமா?

பார்த்து வாங்குங்கள். அந்தத் தடிமனான சோற்றுச் சுருளில் முட்டையும் மீனும் சாதாரணம். காய் மட்டும் வைத்ததிலும் மீன் சாறு கலந்திருக்கலாம். கடையில் வெள்ளரிக்காய்ச் சுருள் கிடைக்கும், அதை அந்த ஆண்டின் நல்ல திசை பார்த்துப் பேசாமல் சாப்பிட்டாலும் வழக்கம் நிறைவேறும்.

கேள்வி: மாமனார் தவறி இன்னும் மாதம் ஆகவில்லை. போகலாமா?

மனசுக்கு ஆறுதலாக இருக்குமென்றால் போய் வாருங்கள். பௌத்தக் கோயிலுக்குத் துக்கம் தடையில்லை. ஷிண்டோ ஆலயங்களுக்கு மட்டும் பொதுவாக 50 நாள் போகமாட்டார்கள். யோஷிதா, யசாகா போன்றவை அந்த வகை.

கேள்வி: எழுதிக் கொடுத்த தட்டு என்ன ஆகும்?

உடைப்பார்கள். ஏப்ரல் 29 முதல் மே 5 வரை நடக்கும் வசந்தக் கூத்தில் ஒவ்வொரு நாளும் முதல் ஆட்டம் 'ஹோராக்கு-வாரி'. சந்தையில் முதலிடத்துக்காகத் தட்டு வியாபாரியும் மத்தள வியாபாரியும் மோதிக்கொள்ளும் கதை. மேடை மாடியில், அதன் விளிம்பில் பிப்ரவரியில் வந்த தட்டுகள் ஆள் உயர அடுக்குகளாக நிற்கும். முடிவில் மத்தளக்காரர் ஒவ்வொரு அடுக்காகத் தள்ளிவிடுவார். அதற்குக் கட்டணம் உண்டு. நீங்கள் வராவிட்டாலும் தட்டு உடையும்.

நான் அந்த ஆண்டு லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன். முதல் அடுக்கு விழுந்ததும் காது அடைத்தது. மண்புழுதி எழும்பி எதிர்ப்புறம் உட்கார்ந்திருந்த எங்கள்வரை வந்தது. அடுத்தது, அடுத்தது. அப்பா பெயர் எந்த அடுக்கில் இருந்ததோ தெரியாது. எல்லாம் விழுந்து முடிந்தபோது பக்கத்தில் இருந்த பாட்டி கைகூப்பிக்கொண்டிருந்தார். நானும் கூப்பினேன்.