மூன்று சபாக்களுக்கும் பொதுவான ரசிகர்கள் எத்தனை பேர்? கணக்கிடும் வழி

கேள்வி: சென்னையில் அருகருகே இயங்கும் மூன்று சிறிய சபாக்கள் நாங்கள். மார்கழியில் ஒருவர் நிகழ்ச்சி மற்றவர் கூட்டத்தைக் குறைக்கிறதோ என்ற சந்தேகம் மூவருக்கும் இருக்கிறது. உறுப்பினர்கள், டிக்கெட் வாங்கியவர்கள் பட்டியல்களை ஒரே எக்செல் கோப்பாகச் சேர்த்துப் பார்க்கலாம் என்கிறார் ஒரு கமிட்டி உறுப்பினர். செய்யலாமா? — ஒரு சபா செயலாளர்

பதில்: பட்டியல்களைச் சேர்க்க வேண்டாம். உங்கள் சந்தேகத்துக்கு விடை காண, பெயரும் எண்ணும் அடங்கிய பட்டியல் உங்கள் அலுவலகத்தை விட்டு வெளியே போகத் தேவையில்லை. பொதுவான ரசிகர்கள் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை கிடைத்தாலே போதும்.

மூவரும் தங்கள் பட்டியலில் இருந்து கைபேசி எண் பத்தியை மட்டும் பிரித்தெடுங்கள். இடைவெளி, கோடு, முன்னால் உள்ள +91, பூஜ்யம் எல்லாவற்றையும் நீக்கி, பத்து இலக்கமாக்குங்கள். அந்தப் பத்தியை முதலிலேயே ‘டெக்ஸ்ட்’ வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். இல்லையென்றால் எக்செல் முன்பூஜ்யத்தை விழுங்கிவிடும், +91 சேர்ந்த நீண்ட எண்ணை 9.2E+11 போன்ற அடுக்குக்குறி வடிவில் காட்டும். பிறகு திரும்ப வரும் எண்களை நீக்குங்கள். பெயரை வைத்துப் பொருத்த முயல வேண்டாம். இனிஷியல் ஒரு பட்டியலில் முன்னால் இருக்கும், இன்னொன்றில் பின்னால் இருக்கும், மூன்றாவதில் இருக்கவே இருக்காது.

அடுத்து, ஒவ்வொரு எண்ணையும் ரகசியக் குறியீடாக மாற்ற வேண்டும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். ஷா-256 என்ற முறையில் மாற்றிவிட்டால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்று நம்புகிறார்கள். இந்தியக் கைபேசி எண்கள் 6, 7, 8, 9-இல் தொடங்குபவை. ஆக மொத்தம் 400 கோடி எண்களுக்குத்தான் வாய்ப்பு. அத்தனைக்கும் குறியீடு கணக்கிட்டு ஒப்பிட்டுப் பார்ப்பது இன்றைய கணினிக்குப் பெரிய வேலையே இல்லை. ஆகவே ஒரு ரகசியச் சாவியும் சேர்த்துக் குறியீடாக்கும் எச்மேக் முறையைப் பயன்படுத்துங்கள். சாவி நீளமாக, தற்செயலான எழுத்துகளால் ஆனதாக இருக்கட்டும். பைதான் என்ற நிரல்மொழி தெரிந்த ஒருவர் பத்துப் பதினைந்து வரியில் இதற்கான நிரலை எழுதித் தந்துவிடுவார். மூவரும் அதே நிரலை ஓட்டுங்கள். முதலில் ஒரு கற்பனை எண்ணைக் கொடுத்து, மூன்று இடத்திலும் ஒரே குறியீடு வருகிறதா என்று பாருங்கள். எண்ணுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருந்தாலும் குறியீடு முற்றிலும் மாறிவிடும். பொதுவானவர் இருந்தும் இல்லை என்று வரும்.

சாவி மூன்று சபாக்களிடமும் இருக்கலாம். குறியீடுகள் அடங்கிய கோப்புகள் மட்டும் நான்காவது ஒருவரிடம் போக வேண்டும். உங்கள் ஆடிட்டர் பொருத்தமானவர். சாவி அவரிடம் இருக்கக் கூடாது. சபாக்கள் ஒருவர் கோப்பை மற்றவர் பார்க்கவும் கூடாது. அவர் திருப்பித் தருவது ஏழே எண்கள்: தனித்தனி மொத்தம் மூன்று, இருவருக்கிருவர் பொதுவானவை மூன்று, மூவருக்கும் பொதுவானது ஒன்று. உதாரணமாக ஒரு சபாவில் 1,200, அடுத்ததில் 900, பொதுவானவர் 300 என்றால், இரண்டுக்கும் சேர்த்து 1,800 பேர்தான், 2,100 அல்ல. பொதுவானவர் மிகக் குறைவாக இருந்தும் கூட்டம் சரிகிறதென்றால், பக்கத்துச் சபாவைக் காரணம் சொல்வது கடினம்.

ஒன்றை மறக்க வேண்டாம்: ஒரே எண்ணில் வீடு முழுக்கவும் டிக்கெட் வாங்குவார்கள். அதனால் இது ஆட்களைவிட வீடுகளின் கணக்குக்கே நெருக்கமானது. கவுன்ட்டரில் ரொக்கம் கொடுத்து டெய்லி டிக்கெட் வாங்கியவர் இதில் வரவே மாட்டார். விற்ற டிக்கெட்டில் எத்தனை சதவீதத்துக்கு எண் பதிவானது என்பதையும் முடிவின் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். பின்கோடு வாரியாகப் பிரிப்பதானால் (600033, 600004 என்று), பத்துப் பேருக்குக் குறைவான பகுதிகளை ‘மற்றவை’யில் சேர்த்துவிடுங்கள். மூன்று பேர் மட்டும் உள்ள பகுதியில் அவர்கள் யாரென்று கமிட்டியில் யாராவது சொல்லிவிடுவார்கள்.

2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் கட்டம்கட்டமாக அமலுக்கு வருகின்றன. குறியீடாக மாற்றிய எண்ணையும் தனிநபர் தரவாகவே கருதி நடந்துகொள்ளுங்கள். இந்த சீசன் படிவத்திலேயே தனி வரி ஒன்று சேருங்கள்: ‘ரசிகர் எண்ணிக்கையைக் கணக்கிட என் கைபேசி எண்ணைக் குறியீடாக மாற்றிப் பயன்படுத்தச் சம்மதிக்கிறேன்.’ பக்கத்தில் உள்ள கட்டம் காலியாக இருக்க வேண்டும், ரசிகரே டிக் செய்ய வேண்டும். டிக் செய்யாதவருக்கும் டிக்கெட் உண்டு. மற்ற சபாக்களின் அழைப்பிதழ் அனுப்பச் சம்மதம் வேண்டுமானால் அதற்கு வேறொரு கட்டம். பாட்டுப் போட்டிக்குப் பதிவு செய்த, 18 வயது நிறையாத பிள்ளைகளின் விவரங்களை இந்த வேலையில் சேர்க்கவே வேண்டாம். நன்கொடையாளரின் வரிச்சலுகைக்கான 80ஜி ரசீதுக்காக வாங்கிய பான் எண்களும் அப்படியே.

இனி, எண்ணிக்கையைவிட உடனடிப் பலன் தரும் ஒரு வேலை. டிக்கெட் இல்லாத மதியக் கச்சேரிகளுக்கு எந்தப் பட்டியலும் கிடையாது. அரங்கில் தலை எண்ணித்தான் ஆக வேண்டும், அதையும் மூவரும் ஒரே விதியில் எண்ண வேண்டும். தொடங்கி அரை மணி கழித்து ஒருமுறை, தனி ஆவர்த்தனம் (மிருதங்கம் போன்ற தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதி) முடிந்ததும் ஒருமுறை எண்ணுங்கள். தனியின்போது எழுந்து போகிறவர்கள் உண்டு. ஒரு சபா முன்னாலும் இன்னொன்று பின்னாலும் எண்ணினால் ஒப்பீடே பொய்யாகிவிடும். மேடையில் இருப்பவர்களையும் தொண்டர்களையும் சேர்க்காதீர்கள். கேன்டீனில் இருப்பவர்களையும்தான்.

தலை எண்ணிக்கையோடு தேதி, தொடங்கிய நேரம், வாய்ப்பாட்டா வாத்தியமா நடனமா, பாடியவர், பக்கவாத்தியம், இருக்கைகள் ஆகியவற்றைப் பொதுத் தாளில் பதியுங்கள். தேதியை 2025-12-18 என்ற வரிசையில் எழுதுங்கள். 05/12 என்றால் ஒரு கணினி டிசம்பர் என்கும், இன்னொன்று மே என்கும். கலைஞர்களுக்கு ஆளுக்கொரு வரிசை எண் கொடுத்துவிட்டால் ஒரே பெயர் கொண்ட இருவர் குழம்ப மாட்டார்கள், ஒருவர் பெயரே மூன்று எழுத்துக்கூட்டலில் மூன்று ஆளாகவும் ஆகாது. இந்தத் தாளில் ரசிகர் யாருடைய விவரமும் இல்லை என்பதால் தயங்காமல் முழுதாகப் பகிரலாம்.

கடைசியாக, இரண்டு பக்கத்துக்கு மிகாமல் ஓர் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்திடுங்கள். எதற்காக மட்டும் பயன்படுத்துவோம், ஆடிட்டர் எந்தத் தேதிக்குள் கோப்புகளை அழிப்பார், ஒரு சபா விலகினால் அதன் தகவல் என்னாகும் என்பவை அதில் இருக்க வேண்டும். ஒரு ரசிகர் சம்மதத்தைத் திரும்பப் பெற்றால் அவர் எண்ணை உங்கள் பட்டியலில் குறித்துவைத்து, அடுத்த முறை கோப்பு தயாரிக்கும்போது விட்டுவிட வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் சாவியையும் மாற்றுங்கள்.