கர்நாடகத்திலிருந்து காவிரியில் ஆண்டுக்கு 177.25 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கனஅடி) வராவிட்டால் அது தீர்ப்பு மீறலா?

மீறல் என்று உடனே சொல்லிவிட முடியாது. மாநில எல்லையில் நீரை அளக்கும் இடமான பிலிகுண்டுலுவில் 177.25 டிஎம்சி என்று 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு சொன்னது இயல்பான மழை ஆண்டுக்கு. பற்றாக்குறை ஆண்டில் பங்குகள் விகிதப்படி குறையும் என்பது 2007 காவிரி நடுவர் மன்றத் தீர்ப்பிலேயே இருக்கிறது.

செப்டம்பர் ஒதுக்கீடு 36.76 டிஎம்சி, காவிரி மேலாண்மை ஆணையமோ 2023 செப்டம்பரில் 15 நாளுக்கு வினாடிக்கு 5,000 கனஅடி என்றுதான் உத்தரவிட்டது என்று நீங்கள் கேட்கலாம். இரண்டையும் ஒரே அலகுக்கு மாற்றிப் பாருங்கள். 5,000 கனஅடி என்றால் நாளுக்கு 0.432 டிஎம்சி, 15 நாளுக்கு 6.48. மாத ஒதுக்கீட்டில் பாதியைக்கூடத் தொடவில்லை. கோபம் வருவது நியாயம்தான்.

ஆனால் அடுத்து பார்க்க வேண்டியது நீர்வரத்து. கர்நாடகத்தின் நான்கு அணைகளுக்கும் (ஹாரங்கி, ஹேமாவதி, கபினி, கிருஷ்ணராஜ சாகர்) வந்த நீர் முப்பது ஆண்டுச் சராசரியைவிட எத்தனை சதவீதம் குறைவு? உத்தரவு அதே சதவீதத்துக்குள் குறைந்திருந்தால் வழக்கு வலுவிழக்கும். அதைவிடக் கூடுதலாக வெட்டியிருந்தால் வாதிட இடம் உண்டு. இரு மாநிலமும் ஏற்ற பற்றாக்குறைச் சூத்திரம் இல்லாததால்தான் மழை குறையும்போதெல்லாம் இந்த இழுபறி.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள்: ஆணையம் உத்தரவிட்ட அந்த 5,000 கனஅடியே வராவிட்டால், அது வேறு கதை. அப்போது சராசரிக் கணக்கு தேவையில்லை. பிலிகுண்டுலு அளவீடே போதும்.