வாசகர் கேள்வி – பதில்: நிலையம் வந்தும் கார் ஏன்?

கேள்வி: எங்கள் ஊரான ஆஷ்பர்னுக்கும் 2022 நவம்பரில் வாஷிங்டன் மெட்ரோ வந்துவிட்டது. ஆனால் நிலையத்துக்குச் செல்வதற்கே எங்களுக்குக் கார் தேவைப்படுகிறது. அதே வர்ஜீனியாவிலுள்ள ஆர்லிங்டன் கவுண்டியில் (கவுண்டி என்பது மாவட்டம் போன்ற உள்ளாட்சிப் பகுதி) பலர் கார் இல்லாமலே வாழ்கிறார்கள். அவர்கள் அப்படி என்ன திட்டமிட்டார்கள்?
– ஆஷ்பர்ன் வாசகர்

பதில்: ரயில் எங்கே ஓட வேண்டும், வீடுகளும் அலுவலகங்களும் எங்கே உயர வேண்டும் என்ற இரண்டையும் ஆர்லிங்டன் சேர்த்தே முடிவு செய்தது. மெட்ரோவுக்குத் தடம் குறிக்கப்பட்ட காலத்தில், அமையவிருந்த 66ஆம் எண் அதிவேகச் சாலையின் நடுத்திட்டில் தண்டவாளம் போடுவதே செலவு குறைந்த வழியாக இருந்தது. கவுண்டி அதற்கு இசையவில்லை. களையிழந்துகொண்டிருந்த வில்சன் புலவார்டு கடைத்தெருவுக்கு அடியில், செலவு கூடினாலும் சுரங்கமாகவே ரயில் செல்ல வேண்டும் என்று வாதாடி வென்றது. 1979 டிசம்பரில் பால்ஸ்டன் வரை ரயில் ஓடத் தொடங்கியபோது ராஸ்லின், கோர்ட் ஹவுஸ், கிளாரெண்டன், வர்ஜீனியா ஸ்கொயர், பால்ஸ்டன் என்று ஐந்து நிலையங்கள் ஒரே வரிசையில் அமைந்திருந்தன. ஒவ்வொன்றையும் சுற்றி ஏறத்தாழ கால் மைல், அதாவது ஐந்து நிமிட நடைத் தொலைவுக்குள் உயர்ந்த கட்டடங்களை அனுமதிப்பது, அதற்கு வெளியே உயரத்தைப் படிப்படியாகக் குறைப்பது என்பதே விதி. இன்றும் கிளாரெண்டனில் இறங்கிச் சில தெருக்கள் நடந்தால், அடுக்குமாடிகள் முடிந்து தோட்டத்துடன் கூடிய தனி வீடுகள் தொடங்குவதைக் காணலாம். தங்கள் தெரு மாறாது என்ற அந்த உறுதி இருந்ததால்தான் பழைய குடியிருப்பாளர்கள் உயர்ந்த கட்டடங்களுக்கு இசைந்தார்கள் என்று நான் கருதுகிறேன். கவுண்டியை நிர்வகிக்கும் வாரியத்தின் உறுப்பினர்கள் மாறிக்கொண்டே இருந்தாலும் அந்த விதி பல பத்தாண்டுகளாகக் கைவிடப்படவில்லை. பேருந்தும், நடைபாதையும், 2010இல் வந்த பொது சைக்கிள் வசதியும் அதன் மேல்தான் சேர்க்கப்பட்டன.

உங்கள் நிலையமோ நெடுஞ்சாலையின் நடுவில் இருக்கிறது. ரயிலை விட்டு இறங்குபவர் மேம்பாலம் வழியாகச் சாலையைக் கடந்துதான் ஊருக்குள் வர வேண்டும். ஐந்து நிமிட நடையில் எட்டக்கூடிய நிலத்தில் ஒரு பெரும் பங்கைச் சாலையும் வாகன நிறுத்தங்களும் எடுத்துக்கொண்டுவிடுகின்றன. மீதியுள்ள நிலத்திலாவது நெருக்கமாகக் கட்டி, நிழலும் விளக்கும் உள்ள நடைபாதைகளை அமைத்தால் நிலைமை நிச்சயம் மேம்படும்.

கேள்வி: இத்தகைய திட்டங்களால் யாருக்கும் பாதிப்பு இல்லையா?
– கோயம்புத்தூர் வாசகி

பதில்: பாதிப்பு உண்டு. அதைச் சொல்லாமல் ஆர்லிங்டனைப் புகழ்வது நியாயமாகாது. மெட்ரோ பணிகளுக்காகக் கிளாரெண்டனில் தெருக்கள் தோண்டப்பட்டிருந்த 1970களில் கடை வாடகை குறைந்திருந்தது. சைகோன் வீழ்ந்தபின் அகதிகளாக வந்த வியட்நாமியர்கள் அங்கே மளிகைக் கடைகளும் உணவகங்களும் தொடங்கினார்கள். ரயில் வந்து நிலமதிப்பு ஏறியதும் வாடகை அவர்கள் கைக்கு எட்டாமல் போனது. பலர் ஃபால்ஸ் சர்ச் நகரின் ஈடன் சென்டர் வணிக வளாகத்துக்கு இடம்பெயர்ந்தார்கள். எனவே தண்டவாளத்துக்கு இடம் ஒதுக்கும் அதே ஆவணத்திலேயே வாடகை குறைந்த வீடுகளுக்கும் சிறு கடைகளுக்கும் இடம் ஒதுக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நிலமதிப்பு ஏறிய பின் அவற்றுக்கு இடம் தேடுவது மிகக் கடினம்.

கேள்வி: இருபது ஆண்டுத் திட்டம் என்ற பெயரில் கருத்துக் கேட்கிறார்கள். சாதாரண மக்கள் அதில் எதைச் சொல்வது, யாரிடம் சொல்வது?
– வடக்கு வர்ஜீனியா வாசகி

பதில்: அமெரிக்கக் கூட்டாட்சி விதிகளின்படி பெருநகர வட்டாரங்களின் போக்குவரத்துத் திட்டம் குறைந்தது 20 ஆண்டுகளை உள்ளடக்க வேண்டும். எதிர்பார்க்கத்தக்க நிதிக்குள் அடங்கும் பணிகளே அதில் இடம்பெறலாம். ஆகவே ஒரு பணி வேண்டும் என்று மட்டும் கேட்காமல், எந்தப் பணிக்கு முன்பாக அது வேண்டும் என்றும் எழுதுங்கள். சாலை யாருடையது என்பதையும் முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 1932இல் வர்ஜீனியா மாநிலம் கவுண்டிச் சாலைகளைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள முன்வந்தபோது ஆர்லிங்டனும் ஹென்ரைகோவும் தங்கள் சாலைகளைத் தாங்களே வைத்துக்கொண்டன. மற்றப் பெரும்பாலான கவுண்டிகளில் ஒரு நடைகடப்புக் கோடு வேண்டுமென்றாலும் மாநிலப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதலைப் பெற்றாக வேண்டும்.

சிறிய விஷயங்களைச் சொல்லத் தயங்காதீர்கள். ஆர்லிங்டனின் கொலம்பியா பைக் சாலையில் 2013இல் ஏறத்தாழ பத்து லட்சம் டாலர் செலவில் ஒரு பேருந்து நிறுத்தம் திறக்கப்பட்டது. அதன் உயர்ந்து சாய்ந்த கண்ணாடிக் கூரை மழையையும் காற்றையும் சரியாகத் தடுக்கவில்லை என்று மக்கள் குறைகூறினார்கள். அதே சாலைக்காகத் திட்டமிடப்பட்ட டிராம் பாதையும் 2014 நவம்பரில் கைவிடப்பட்டது. பேருந்துக்காக நீங்கள் எந்த இடத்தில், எந்த நேரத்தில் நனைந்தபடி நிற்கிறீர்கள் என்பதை நிறுத்தத்தின் பெயருடன் எழுதி அனுப்புங்கள். வரைபடத்தின் முன் அமர்ந்திருக்கும் பொறியாளருக்கு அந்தத் தகவல் வேறு வழியில் கிடைப்பது அரிது.