காசு அனுப்பும் மகன் கேட்கிறார், சொல்லலாமா?

கேள்வி: நான் ஒரு பிரதேச வைத்தியசாலையில் தாதியாக இருக்கிறேன். எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஓர் அம்மாவுக்கு மார்பில் கட்டி என்று வைத்தியர் தெல்லிப்பழை வைத்தியசாலைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். "மகனுக்குச் சொல்லிவிடாதே பிள்ளை" என்கிறார் அம்மா. கனடாவில் இருக்கும் மகனோ, "காசு அனுப்புவது நான், றிப்போட்டைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடுங்கள் அக்கா" என்கிறார். என்ன செய்வது?
— வாசகி, வடமராட்சி

பதில்: போடாதீர்கள், தங்கச்சி. காசு அனுப்புவதால் தாயின் றிப்போட் மகனுடையதாகிவிடாது. அம்மா நல்ல நினைவோடு வேண்டாம் என்றிருக்கிறார். தாதியருக்கென 1893 இல் எழுதப்பட்ட நைட்டிங்கேல் உறுதிமொழி நோயாளியின் சொந்த விடயங்களை மட்டுமல்ல, எங்கள் காதுக்கு வரும் குடும்ப விடயங்களையும் காக்கச் சொல்கிறது.

தெல்லிப்பழை என்ற பெயரைக்கூட வாயில் எடுக்காதீர்கள். அங்கே புற்றுநோய்ச் சிகிச்சை இருப்பது யாழ்ப்பாணத்தில் யாருக்குத் தெரியாது? "தெல்லிப்பழைக்குத் துண்டு கொடுத்திருக்கிறார்கள்" என்றால், என்ன வருத்தம் என்று அதற்கு மேல் ஒருவரும் கேட்பதில்லை.

அதற்காக "அம்மாவுக்கு ஒன்றுமில்லை" என்று பொய்யும் சொல்லக்கூடாது. பிறகு அவர் உங்களை நம்பமாட்டார். "தம்பி, வைத்தியசாலைக்கு வருகிற எவருடைய விடயத்தையும் நான் போனில் கதைப்பதில்லை. அம்மாவிடமே கேளுங்கள்" என்று சொல்லுங்கள். கோபிப்பார், கோபிக்கட்டும். தூரத்தில் கிடந்து தவிக்கிற பிள்ளை, பாவம்.

இனி அம்மாவிடம் கதையுங்கள். வேலிக்கு மேலால் வேண்டாம். வெளிநோயாளர் பிரிவு வாங்கிலும் வேண்டாம். அங்கே இருப்பவர்களுக்குத் தங்கள் நம்பரைவிட அடுத்தவரின் வருத்தத்தில்தான் கவனம். மருந்து கட்டும் அறையில் இருத்தி, கதவைச் சாத்திவிட்டு, ஏன் மறைக்கிறீர்கள் என்று கேளுங்கள். "வேலையை விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவான்" என்ற பயமாக இருக்கலாம். சிகிச்சைக்குப் போய்வர யார் துணை என்றும் கேளுங்கள். அந்தக் கேள்வியில் பலர் மனம் மாறுவார்கள். மாறினால் மகனுக்கு அவரே சொல்லட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள்.

டெங்கு, காசநோய் என்றால் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும், அது சட்டம். அந்த அறிவித்தலும் பணிமனையோடு நிற்க வேண்டியது, ஒழுங்கைக்கு வரக்கூடாது. இந்தக் கட்டிக்கு அந்த விதியும் இல்லை.

குறித்த திகதிக்கு அம்மா போனாரா என்று மட்டும் விசாரியுங்கள், அவரிடமே. போகவில்லை என்றால் அவரை அனுப்பிய வைத்தியரிடம் தெரிவியுங்கள். அவருக்குச் சொல்வது இரகசியத்தை உடைப்பதாகாது.