திருத்திய பெயர்கள் மட்டும் ஏன் கேள்விக்குறியாகின்றன?

கேள்வி: தி.நகரில் எங்களுக்குத் துணிக்கடை. பில்லிங் சாஃப்ட்வேரிலிருந்து வாடிக்கையாளர் பட்டியலை சிஎஸ்வி ஃபைலாக எடுத்து எக்செலில் திறந்தால், தமிழ்ப் பெயர்களுக்குப் பதில் புரியாத குறிகள். சில பெயர்களை நாங்களே தமிழில் மறுபடி டைப் செய்து, சேவ் செய்து, கூரியர் தளத்தில் ஏற்றினோம். அந்தப் பெயர்கள்தான் ‘????’ ஆகிவிட்டன, தொடாதவை சரியாக இருக்கின்றன. எப்படி?

பதில்: உங்கள் பில்லிங் சாஃப்ட்வேர் மேல் தவறில்லை. அது எல்லா மொழி எழுத்துகளையும் எண்களாகப் பதியும் யூடிஎஃப்-8 முறையில் சரியாகத்தான் எழுதியிருக்கிறது. அந்த முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் (எழுத்து, கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறி) மூன்று பைட், அதாவது 0 முதல் 255 வரையிலான மூன்று எண்கள். முதல் பைட் எப்போதும் 224, அடுத்தது 174 அல்லது 175. எக்செல் இதை அறியாமல் விண்டோஸ்-1252 என்ற பழைய ஐரோப்பிய அட்டவணைப்படி படித்தது. அதில் 224 என்பது தலையில் கோடு போட்ட சின்ன ‘ஏ’, 174 என்பது வட்டத்துக்குள் ‘ஆர்’. இவை மாறி மாறி வந்தால் எழுத்து அழியவில்லை, தப்பாகப் படிக்கப்படுகிறது என்று பொருள். அதே அட்டவணைப்படி சேவ் ஆனதால் தொடாத பெயர்களின் பைட்கள் அப்படியே திரும்பிவிட்டன. நீங்கள் டைப் செய்ததோ உண்மையான தமிழ். அந்த அட்டவணையில் தமிழுக்கு இடமே இல்லாததால் எக்செல் ஒவ்வொரு குறிக்கும் ஒரு கேள்விக்குறி எழுதிவிட்டது. அதை மீட்க வழியில்லை. மூல ஃபைலிலிருந்துதான் மறுபடி எடுக்க வேண்டும்.

இனி ஃபைலை டபுள் கிளிக் செய்து திறக்காதீர்கள். எக்செலில் ‘டேட்டா’, ‘ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி’ வழியாகப் போய், ‘ஃபைல் ஆரிஜின்’ என்ற இடத்தில் 65001 யூடிஎஃப்-8 தேர்ந்தெடுங்கள். சேவ் செய்யும்போது வெறும் ‘சிஎஸ்வி’ வேண்டாம், ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ வேண்டும். இதில் ஒரு சிக்கல்: எக்செல் ஃபைலின் தொடக்கத்தில் 239, 187, 191 என்ற மூன்று அடையாள பைட்களைச் சேர்க்கும். சில தளங்கள் அவற்றை முதல் தலைப்பின் பகுதியாக எடுத்துக்கொண்டு ‘அந்தத் தலைப்புள்ள நெடுவரிசையே இல்லை’ என்று மறுக்கும். அப்போது நோட்பேட் பிளஸ் பிளஸில் திறந்து, ‘என்கோடிங்’ மெனுவில் அடையாளம் இல்லாத யூடிஎஃப்-8 ஆக மாற்றிக்கொள்ளுங்கள்.

புரியாத குறிகளாகவே டேட்டாபேஸுக்குள் போய்ச் சேர்ந்த பெயர்களையும் மீட்கலாம்: விண்டோஸ்-1252 ஆக பைட்டுக்கு மாற்றி, யூடிஎஃப்-8 ஆகப் படிக்க வேண்டும். ஆனால் அந்த அட்டவணையில் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து இடங்கள் காலி. நம் துரதிர்ஷ்டம், உகரக் குறியின் கடைசி பைட் 129, புள்ளிக்கு 141, ஏ-வுக்கு 143, ஐ-க்கு 144. இடையில் ஏதாவது புரோகிராம் இவற்றை விழுங்கியிருந்தால் மெய்யெழுத்தெல்லாம் சிதைந்திருக்கும். பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியில் இதே அட்டவணையின் கண்டிப்பான வடிவமான ‘சிபி1252’ இவற்றில் பிழை காட்டி நின்றுவிடும். சிதைந்த எழுத்தைச் சரிசெய்யும் ‘எஃப்டிஎஃப்ஒய்’ என்ற பைத்தான் நூலகம் இவற்றையும் கையாளும்.

கூரியர் பக்கம் கேட்க வேண்டியது, பெயருக்கான நீளம் எழுத்திலா, பைட்டிலா என்பது. ‘பொன்னுசாமி’ கண்ணுக்கு ஐந்து எழுத்து; யூனிகோடில் 10 குறி, 30 பைட். 20 பைட்டில் வெட்டினால் ‘பொன்னு’வும், சகரத்தின் உடைந்த மிச்சமும்தான் லேபிளில் வரும். மேலும், ‘பொ’வின் ஒகரக் குறியை ஒரே குறியாகவும், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுத முடியும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, ஆனால் தேடினால் கிடைக்காது. இரு பக்கமும், இப்படிப் பிரிந்தவற்றை ஒரே குறியாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிக்கொண்டால் இது தீரும்.

முழுப் பட்டியலையும் ஏற்றுவதற்கு முன், ஏழுமலை, ஐஸ்வர்யா, பொன்னுசாமி என்ற மூன்று வரிகளை மட்டும் அனுப்பி, அங்கே அச்சாகும் லேபிளின் படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மேலே சொன்ன எல்லா இடறல்களும் இந்த மூன்று பெயர்களுக்குள் இருக்கின்றன.